வாசகர் கேள்வி - பதில்: ‘குமாரனும் அறியார்’ என்றால் இயேசு கடவுள் இல்லையா?

கேள்வி: நாங்கள் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். தலைமுறை தலைமுறையாக லுத்தரன் குடும்பம். என் தம்பி போன வருஷத்திலிருந்து வேறொரு குழுவின் வேதபாடத்துக்குப் போகிறான். இயேசு கடவுள் இல்லை, கடவுள் முதன்முதலில் படைத்தவர்தான் அவர் என்கிறான். ‘என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்’, ‘குமாரனும் அறியார்’ என்று இரண்டு வசனங்களைக் காட்டுகிறான். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்கும் அவனுக்கும் பெரிய சண்டையாகி, இப்போது அப்பா அவனிடம் பேசுவதே இல்லை. என்ன செய்வது? (ஒரு சகோதரி, கடலூர்)

சகோதரி, தம்பி காட்டும் இரண்டு வசனமும் பைபிளில் இருப்பவைதான். யோவான் 14:28, மாற்கு 13:32. கடைசி நாள் எப்போது என்று பிதாவுக்கு மட்டுமே தெரியும், குமாரனாகிய தமக்கும் தெரியாது என்று இயேசு சொல்வதுதான் இரண்டாவது வசனம். அவன் எதையும் இட்டுக்கட்டவில்லை. அதனால் ‘சாத்தானும்தான் வசனம் பேசுவான்’ என்று சொல்லி வாயை அடைப்பது பதில் ஆகாது. அப்பாவுக்குக் கோபம் வருவது புரிகிறது, அது விசுவாசத்தின் மேல் உள்ள பற்றினால் வருகிற கோபம். ஆனால் இதே வசனங்களை வைத்து 1700 வருஷத்துக்கு முன்பே அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குருவானவர் இதே வாதத்தைச் செய்தார், எதிர்த்தரப்பு அவருக்கு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பதில் எழுதியது. நாமும் கொஞ்சம் பொறுமையாக உட்கார வேண்டும்.

தனி வசனத்தைப் பிடுங்கி எடுத்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டால் இந்த வழக்கு இன்னும் நூறு வருஷமானாலும் தீராது. ஒரு மனை வாங்கப் போகிறோம், பத்திரத்தில் ஒரு வரியை மட்டும் படித்துவிட்டா பணத்தை எண்ணிக் கொடுப்போம்? தாய்ப்பத்திரத்தைத் தேடுகிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். வேதத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும்: யார் எழுதியது, யாருக்கு, அந்த வரிக்கு முன்னே என்ன, பின்னே என்ன, அதே ஆள் வேறு இடத்தில் என்ன சொல்கிறார். ‘பிதா என்னிலும் பெரியவர்’ என்பதை எழுதிய அதே யோவான்தான் தன் சுவிசேஷத்தை ‘அந்த வார்த்தை தேவனாயிருந்தது’ என்று ஆரம்பிக்கிறார், கடைசிப் பக்கங்களில் தோமாவை ‘என் ஆண்டவரே! என் தேவனே!’ என்று கூப்பிட வைக்கிறார். இயேசு அந்தச் சொல்லை மறுக்கவில்லை. ஒரே ஆசிரியர் இரண்டையும் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார், ஆகவே ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க நமக்கு உரிமை இல்லை. இது தம்பிக்கும் பொருந்தும், அப்பாவுக்கும் பொருந்தும்.

‘குமாரனும் அறியார்’ கஷ்டமான வசனம். இதை மழுப்பக் கூடாது. பழைய காலத்துச் சபைப் பெரியவர்களுக்கே இது தொண்டையில் சிக்கியது. ஆரியுஸை எதிர்த்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் என்ன பதில் சொன்னார் என்றால், மனிதனாக வந்தவர் மனிதனாகவே பேசினார், பசித்ததும் தூங்கியதும் அழுததும் எப்படி உண்மையோ அப்படியே ஒரு நாளை அறியாமல் இருந்ததும் அந்த மனித நிலையைச் சேர்ந்தது என்றார். பின்னால் அகுஸ்தினார் இதை ஒரு வாசிப்பு முறையாகவே ஆக்கினார். பிலிப்பியர் 2-ம் அதிகாரத்தில் ‘தேவனுடைய ரூபம்’ என்றும் ‘அடிமையின் ரூபம்’ என்றும் பவுல் இரண்டு நிலைகளைச் சொல்கிறார் இல்லையா, ஒரு வசனம் இந்த இரண்டில் எதைப் பற்றிப் பேசுகிறது என்று முதலில் கேள் என்பதுதான் அது. எனக்கு இந்த முறை சரியாகப் படுகிறது. இது வசதிக்காகச் செய்த ஏற்பாடு என்று தம்பி சொல்வான், சொல்லட்டும். அதைப் பவுலின் வரிகளிலிருந்தே எடுத்தார்கள் என்பதை அவனுக்குக் காட்டுங்கள்.

இன்னொன்று. மாற்கு சுவிசேஷத்தில் இயேசு வெறும் மனிதராகத்தான் வருகிறார், யோவான்தான் அவரைக் கடவுளாக்கினார் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மாற்கு 4-ம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை மெதுவாகப் படித்துப் பாருங்கள். படகில் தண்ணீர் நிரம்புகிறது. அவர் படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். எழுப்புகிறார்கள். ‘இரையாதே, அமைதலாயிரு’ என்று கடலை அதட்டுகிறார், கடல் அடங்குகிறது. கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய நாளில் தேவனாம்பட்டினம் கரையில் நின்று அலையைப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சீஷர்களுக்குப் புயலின்போது வந்ததைவிட அது அடங்கிய பிறகுதான் பெரிய பயம் வருகிறது. ‘இவர் யாரோ? காற்றும் கடலும் இவருக்குக் கீழ்ப்படிகிறதே’ என்கிறார்கள். மாற்கு பதிலே எழுதவில்லை, கதை அடுத்த கரைக்குப் போய்விடுகிறது. ஆனால் சங்கீதங்களைக் கேட்டு வளர்ந்த யூதனுக்குப் பதில் தெரியும்: கப்பலில் போய்த் தத்தளிக்கிறவர்கள் கர்த்தரைக் கூப்பிட, ‘கொந்தளிப்பை அமர்த்துகிறார், அதின் அலைகள் அடங்குகின்றது’ என்று 107-ம் சங்கீதம் சொல்கிறது. கடலை அமர்த்துகிறவர் கர்த்தர். மாற்கு அந்த இடத்தில் இயேசுவை நிறுத்திவிட்டு, முடிவைப் படிக்கிறவனிடம் விட்டுவிடுகிறார். ‘இயேசு கடவுள்’ என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறதா என்று தேடுகிறவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படவே படாது, எனக்கு வருத்தமே அதுதான்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். அப்பாவும் தம்பியும் மாற்கு சுவிசேஷம் முழுவதையும் ஒரே உட்காரலில் படிக்கட்டும், சத்தமாகப் படித்தாலும் ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. அப்புறம் ஆளுக்கொரு கேள்வி. தம்பி தோமாவின் வார்த்தையை விளக்கட்டும், அப்பா ‘குமாரனும் அறியார்’ என்பதை விளக்கட்டும். அவரவர் தரப்புக்கு இடறுகிற வசனத்தை அவரவரே எடுத்துப் பேச வேண்டும், அதுதான் நிபந்தனை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வேண்டாம். அப்பா பேச்சை நிறுத்தியிருப்பது சரியில்லை என்பதை அவருக்கு நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும், மகளாகச் சொன்னால் கேட்பார். வீட்டில் இடம் இல்லாதவனுக்கு அந்தக் குழுதான் வீடாகிவிடும்.

கேள்வி: நைசியா என்ற ஊரில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஓட்டெடுப்பு நடத்தித்தான் இயேசுவைக் கடவுளாக்கினார், அதுவரை அவரை யாரும் கடவுளாகக் கும்பிடவில்லை என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா? (கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி)

இல்லை தம்பி. பாதி உண்மையை வைத்துக் கட்டிய கதை இது. கி.பி. 325-ல் நைசியாவில், இன்றைய துருக்கியின் இஸ்னிக்கில், கான்ஸ்டன்டைன் ஆயர்களைக் கூட்டியது உண்மை. வந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் பழைய கணக்குகளே 250-லிருந்து 318 வரை வித்தியாசப்படுகின்றன. ஆனால் அங்கே கேட்கப்பட்ட கேள்வியே வேறு. ஆரியுஸ்கூட இயேசுவை வெறும் மனிதர் என்று சொல்லவில்லை. உலகத்துக்கு முன்பே இருந்தவர், அவர் மூலமாகத்தான் எல்லாம் உண்டானது, ஆனாலும் அவரும் உண்டாக்கப்பட்டவரே, அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்றார். அதற்குத்தான் அந்த ஆயர்கள் கூட்டம், அதாவது சங்கம், ‘இல்லை’ என்றது. கடைசி வரை கையெழுத்துப் போட மறுத்த ஆயர்கள் இரண்டே பேர், இருவரும் லிபியாக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் விசுவாச அறிக்கை சொல்லும்போது ‘உண்மைக் கடவுளினின்று உண்மைக் கடவுளாக’ என்று ஒரு வரி சொல்கிறீர்களே, அதற்கு அடுத்து வரும் ‘உண்டாக்கப்பட்டவர் அல்லர்’ என்பது நேராக ஆரியுஸுக்குச் சொன்ன பதில். இன்று நாம் சொல்கிற வடிவம் 381-ல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது.

அதற்கு முன்னால் கும்பிடவில்லை என்பது அப்பட்டமான தவறு. கி.பி. 112 வாக்கில் இன்றைய துருக்கியில் இருந்த பித்தினியாவின் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர் அல்லாதவர், கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்தவர், பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில் இவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணிப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். நைசியாவுக்கு இருநூறு வருஷத்துக்கு முன்பு. அதற்கும் முன்னால், 50-களில் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போதே ‘பிதாவாகிய ஒரே தேவன்’, ‘இயேசுகிறிஸ்து என்னும் ஒரே கர்த்தர்’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்.

அரசர் திணித்தார் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதே கான்ஸ்டன்டைன் பிற்பாடு ஆரியுஸ் பக்கம் இளகினார், 337-ல் சாகும் தறுவாயில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுஸுக்கு ஆதரவாக நின்ற நிக்கோமேதியா ஆயர் யுசேபியுஸ். கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்டியுஸ் வெளிப்படையாகவே நைசியாவுக்கு எதிர்த்தரப்பை ஆதரித்தார். நைசியாவின் முடிவைத் தூக்கிப் பிடித்த அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். அரண்மனை விருப்பப்படி மட்டும் நடந்திருந்தால் இன்று நாம் எல்லோரும் ஆரியுஸ் சொன்னதைத்தான் பாடிக்கொண்டிருப்போம். அரசியல் இருந்தது, நிறையவே இருந்தது, நாடு கடத்தலும் மிரட்டலும் இரண்டு பக்கமும் நடந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் அரசியலால் மட்டும் இந்த விசுவாசம் வரவில்லை.

கேள்வி: என் மனைவி கடலூர் பக்கம், சி.எஸ்.ஐ. குடும்பம். நான் நெல்லித்தோப்பு, கத்தோலிக்கன். அவள் கொண்டுவந்த பைபிளில் 1 யோவான் 5:7-ல் ‘பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி... இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்’ என்று இருக்கிறது. எங்கள் திருவிவிலியத்தில் அந்த வரி இல்லை. யார் வெட்டினார்கள்? (வாசகர், புதுச்சேரி)

யாரும் வெட்டவில்லை, பிற்காலத்தில் சேர்ந்ததை எடுத்திருக்கிறார்கள். பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் அந்த வரி கிடையாது, லத்தீன் பிரதிகள் வழியாக உள்ளே வந்தது. எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதை விட்டுவிட்டார், ஏன் விட்டாய் என்று கடும் எதிர்ப்பு வந்தது, 1522 பதிப்பில் சேர்த்துவிட்டார். அங்கிருந்து ஐரோப்பிய மொழிபெயர்ப்புகளுக்கும் நம்முடைய பழைய தமிழ் பைபிளுக்கும் வந்து சேர்ந்தது. திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை நம்புகிறவன் நான், ஆனாலும் அந்த வரியை ஆதாரமாகக் காட்ட மாட்டேன்.

உங்கள் மனைவியின் பைபிளிலேயே இன்னொன்றைப் பாருங்கள். மாற்கு 13:32-ல் ‘குமாரனும் அறியார்’ இருக்கிறது. அதே பேச்சு மத்தேயு 24:36-ல் வரும்போது ‘குமாரனும்’ என்பது இல்லை. முக்கியமான பழைய கைப்பிரதிகள் பலவற்றில் மத்தேயுவிலும் அது உண்டு. சங்கடமாகப் பட்டதால் யாரோ ஒரு நகலெழுத்தர் விட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பயத்தால் விட்டதும் ஆர்வத்தால் சேர்த்ததும் நம் தரப்பில்தான் நடந்திருக்கிறது. இதை நாமே முதலில் சொல்லிவிட்டால் நம் பிள்ளைகள் வெளியே யாரிடமோ கேட்டு அதிர மாட்டார்கள். இரண்டு பைபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற தம்பதி நீங்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் இந்து. ராமர், கிருஷ்ணர் போல இயேசுவும் ஓர் அவதாரம் என்று எடுத்துக்கொண்டால் உங்களுக்கு இவ்வளவு தகராறு வராதே? (வாசகர், வில்லியனூர்)

நல்ல கேள்வி ஐயா, கிறிஸ்தவர்களே இதை யோசித்திருக்கிறார்கள். சென்னையில் வழக்கறிஞராக இருந்த, பிறகு மேயரும் ஆன வெ. சக்கரை 1920-களில் இயேசுவை அவதாரம் என்று பேசும் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் அவரும் ஒரு வித்தியாசத்தை வைத்தார்: இயேசுவில் கடவுள் எடுத்த மனிதம் காரியம் முடிந்ததும் களைந்து போடுகிற ஒன்றல்ல, அது நிலையானது. 451-ல் கல்சேதோன் சங்கம் சொன்னதும் இந்தத் திசையில்தான்: முழுக் கடவுள், முழு மனிதன், ஒரே ஆள், இரண்டும் கலங்கவும் இல்லை பிரியவும் இல்லை. ஆகவே அந்தச் சொல் உங்களுக்கு வாசலாக இருக்கட்டும், ஆனால் தகராறு தீராது, ஏனென்றால் ‘முழு மனிதன்’ என்ற இடத்தில்தான் தகராறே ஆரம்பிக்கிறது.

கேள்வி: இந்தச் சண்டையெல்லாம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது எதற்கு? (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

1795-லேயே சென்னையில் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் ஒரு சபை தொடங்கினார். வெள்ளைக்காரர்களிடம் வேலைக்காரராக இருந்து இங்கிலாந்து வரை போய் வந்தவர். பைபிளைத் திரும்பத் திரும்பப் படித்து, கடவுள் ஒருவரே, திரித்துவத்துக்கு வேதத்தில் இடமில்லை என்ற முடிவுக்கு வந்தார். அவருக்குத் துணை நின்ற புத்தகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவைதான், ஆனால் மிஷனரி யாரும் அவரை அனுப்பவில்லை. தமிழிலேயே எழுதினார், தமிழிலேயே ஆராதனை நடத்தினார், புரசைவாக்கத்தில் ஒரு சிறிய ஜெபாலயமும் கட்டினார். அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் ஒரு தமிழ் வேலைக்காரர் வேதத்தைத் தானே திறந்து, தானே கேள்வி கேட்டார் என்பதை எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது. இருநூறு வருஷத்துக்கு மேலாக இது நம் வீட்டுக் கேள்வியாகவும் இருக்கிறது ஐயா, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து அந்தச் சகோதரி எழுதியதைத்தான் மேலே பார்த்தீர்களே.