வரையாடும் வாடகைக் காரும்

நியூசிலாந்தின் தென்தீவுக்குப் பால் பண்ணை வேலைக்காக வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் கூட்டிப்போய்த்தான் எனக்கு மலை பழகியது, துப்பாக்கியும் பழகியது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேட்டைப் பயணம் பற்றியவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நானும் அண்ணனும் 68 வயது அப்பாவும் மே மாதம் 12 நாள் தென்தீவுக்கு வருகிறோம். கிறைஸ்ட்சர்ச்சில் கார் எடுத்து டெக்காப்போ, மவுண்ட் குக், வனாக்கா, ஹாஸ்ட், ஃபாக்ஸ் பனியாறு, ஹோக்கிடிக்கா, ஆர்தர்ஸ் பாஸ் என்று ஒரு சுற்று. நடுவில் வனாக்காவில் ஒரு நாளும் ஃபாக்ஸில் ஒரு நாளும் இமயமலை வரையாடு வேட்டை. எல்லா இரவுக்கும் அறை பதிவு செய்தாகிவிட்டது. திட்டம் சரியாக இருக்கிறதா?

தம்பி, பாதை அருமையான பாதை. மொத்தம் சுமார் 1,200 கிலோமீட்டர் வரும்; 12 நாளில் நிதானமாக ஓட்டலாம். எனக்குக் கவலை அந்த இரண்டு வேட்டை நாள்களைப் பற்றித்தான். அவற்றை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள்.

இந்தத் தீவின் நீளத்துக்கும் முதுகெலும்பு மாதிரி மலைத்தொடர் ஓடுகிறது. மேற்கே டாஸ்மன் கடலிலிருந்து வரும் காற்று அதில் மோதி மேற்குக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குப் பக்கம் பேய்க்காற்றாக இறங்கும். அந்த மாதிரி நாளில் வரையாடு நிற்கும் உயரத்தை மேகம் மூடிவிடும். பைனாகுலரைக் கண்ணில் வைத்தால் வெள்ளைதான் தெரியும். காற்று ஓய்ந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ வானம் துடைத்துவிட்டாற்போல் ஆகும், குளிர் இறுகும், ஆடுகள் வெயில் காய வெளியே வரும். வேட்டைக்கு அதுதான் நாள். அது எந்தத் தேதியில் வரும் என்று மூன்று மாதம் முன்னால் அறை பதிவு செய்தவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே வேட்டையை முதலில் வையுங்கள். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்காப்போ மூன்று மணி நேரம். நேரே அங்கே போய், அந்த மெக்கன்ஸி வட்டாரத்திலேயே நான்கு நாள் ஒரே இடத்தில் தங்குங்கள். வேட்டைக்குக் கூட்டிப்போகும் கைடிடம் நான்கு நாளையும் சொல்லிவையுங்கள். எந்த நாள் மலை ஏறுவது என்று அவர் வானத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். மீதி எட்டு நாள் காருக்குப் போதும். ஃபாக்ஸ் வேட்டையை விட்டுவிடுங்கள். மேற்குக் கரையில் பல பள்ளத்தாக்குகளுக்கு ஹெலிகாப்டரில்தான் போக முடியும். மழை வந்தால் இரண்டு நாள், மூன்று நாள் ஹெலிகாப்டர் வராது. ஆறும் சில மணி நேரத்தில் ஆளை அடித்துக்கொண்டு போகும் அளவுக்கு ஏறிவிடும். மறுநாள் வேறு ஊரில் அறை போட்டிருப்பவர் போகிற இடம் இல்லை அது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வந்த மூன்றாவது வருடம், ஒரு ஞாயிறு மாலை. மறுநாள் விடிகாலை நாலு மணிக்குப் பால் கறக்க நான் பண்ணையில் நிற்க வேண்டும். இரண்டு நாளாக ஒன்றும் கிடைக்கவில்லை. இறங்கும் நேரத்தில் எதிர்ப் பாறைத் திட்டில் ஒரு பெட்டை நின்றது. தூரம் சரி, குறி சரி. அது நின்ற இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மட்டும் நான் பார்க்கவில்லை. சுட்டேன். முன்னங்கால் மடிந்து, ஒரு நொடி புல்லைப் பிடித்துக்கொண்டாற்போல் நின்றது, பிறகு சரிந்தது. பாறைக்கு அடியில் செங்குத்தான இடுக்கு. உடல் கண்ணிலிருந்து மறைந்த பிறகும் கற்கள் உருண்டு விழும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினார், தோட்டாக்களை எடுத்தார், போல்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளும் கைப்பிடித் தண்டை, கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் கீழிருந்து பைனாகுலரில் பார்த்தோம். கிடக்கும் இடம் தெரிந்தது. யாராலும் போக முடியாத இடம். நாளைக்கும் ஒரு நாள் கையில் இருந்திருந்தால் நான் அந்த விசையைத் தொட்டிருக்க மாட்டேன்.

உங்கள் கைடு "இது வேண்டாம், விழுந்தால் எடுக்க முடியாது" என்று சொல்வார். பல தடவை சொல்வார். அதைக் கேட்டுச் சரி என்று உட்கார உங்களுக்கு நாள் மிச்சம் இருக்க வேண்டும்.

மே மாதம் நல்ல தேர்வு. கிடாய்க்குக் கழுத்திலும் தோளிலும் பிடரி மயிர் தழைத்திருக்கும். மாதக் கடைசியில் இணை சேரும் பருவம் தொடங்கும். செம்மான் இணை தேடிக் கத்தும் கர்ஜனைக் காலம் மார்ச் கடைசியும் ஏப்ரலும், அது முடிந்திருக்கும். பகல் சிறியது, மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். மலையில் நடக்கும் நேரத்தை அதற்குத் தக்கபடி கணக்குப் போடுங்கள்.

அப்பாவை மேலே ஏற்ற வேண்டாம். பள்ளத்தாக்கில் நல்ல நாற்காலியும் பைனாகுலரும் ஃப்ளாஸ்க்கில் டீயும் கொடுத்து உட்கார வையுங்கள். கீழே இருப்பவர்தான் பல சமயம் முதலில் ஆட்டைப் பார்ப்பார். இங்கே விபத்தில் அடிபட்டால் வெளிநாட்டவருக்கும் ஏ.சி.சி. என்ற அரசுத் திட்டம் சிகிச்சைக்குக் கைகொடுக்கும். நெஞ்சுவலி, காய்ச்சல் அதில் சேராது. பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். அதில் 'வேட்டை' என்ற சொல் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

கேள்வி: சொந்த ரைஃபிளைக் கொண்டுவரலாமா? லைசென்ஸ் இல்லாத தம்பியும் சுடலாமா?

கொண்டுவரலாம். அதற்குப் பார்வையாளருக்கான துப்பாக்கி லைசென்ஸ் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்க வேண்டும். மாதக்கணக்கில் முன்னாலேயே தொடங்குங்கள். இடையில் விமானம் மாறும் நாடும் தனி அனுமதி கேட்கலாம். விமான நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் நடந்த கொலைகளுக்குப் பிறகு செமி-ஆட்டோமேடிக் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இங்கே தடை. ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ட் ஆக்ஷன் போதும்.

என் யோசனை, முதல் பயணத்துக்குக் கைடின் ரைஃபிளே போதும் என்பது. லைசென்ஸ் உள்ள ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில், லைசென்ஸ் இல்லாதவரும் சுடலாம். நேரடி என்றால் அவர் கைநீட்டித் துப்பாக்கியைப் பிடிக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் வேறு துப்பாக்கியை உபயோகிக்கக் கூடாது. முதல் நாள் 100 மீட்டரில் தாளில் சுட்டுப் பழகக் கேளுங்கள். அதற்கு நேரம் ஒதுக்காத கைடு வேண்டாம்.

இலக்கு இன்னதுதான் என்று துளி சந்தேகமும் இல்லாமல் தெரிந்த பிறகே சுட வேண்டும் என்பது இங்கே எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் விதி. புதரில் அசைவதை மான் என்று நினைத்து மனிதரைச் சுட்ட சம்பவங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. பெரும்பாலும் சேர்ந்து போன நண்பரையே. அண்ணனும் தம்பியும் பிரிந்து நடக்காதீர்கள். பளிச்சென்ற ஆரஞ்சு மேல்சட்டை போடுங்கள்.

காரில் துப்பாக்கி இருக்கும்போது அதன் சுடும் அறையிலும் மேகஸினிலும் தோட்டா இருக்கக் கூடாது. போல்டைக் கழற்றித் தனியாக வையுங்கள். சாப்பிடப் போகும்போது காரில் விட்டுவிட்டுப் போவது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அனுமதிக்கு எவ்வளவு செலவாகும்? இறைச்சியையும் கொம்பையும் என்ன செய்வது?

பொது வனப்பகுதிகள் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் கையில் இருக்கின்றன. இங்கே எல்லோரும் அதை 'டாக்' என்பார்கள். திறந்த பகுதிகளுக்கான வேட்டை பெர்மிட் இலவசம். இணையத்திலேயே எடுக்கலாம். சூரியன் உதிக்க அரை மணி முன்னாலிருந்து, மறைந்து அரை மணி பின்னால் வரைதான் வேட்டை. இரவில் விளக்கடித்துச் சுடுவது கூடாது. செலவு பிடிப்பது கைடுக்கும் ஹெலிகாப்டருக்கும்தான்.

இறைச்சி விஷயத்தில் ஒன்றை மறக்காதீர்கள். எலி, பாஸம் என்ற மரமேறி விலங்கு போன்றவற்றை ஒழிக்க 1080 என்ற நஞ்சைச் சில வனங்களில் தூவுவார்கள். டாக் வெளியிடும் நஞ்சுப் பகுதிப் பட்டியலைப் பார்க்காமல் எந்த விலங்கின் இறைச்சியையும் அடுப்பில் வைக்காதீர்கள். நல்ல பகுதியில் எடுத்ததை நீங்கள் சமைக்கலாம், தங்கும் இடத்தில் பகிர்ந்துகொள்ளலாம், விற்கக் கூடாது. கிடாய் இறைச்சி இந்தப் பருவத்தில் வாடை அடிக்கும். பின்தொடைத் தசையைச் சின்னத் துண்டுகளாக்கி, இஞ்சி பூண்டு தாராளமாகப் போட்டு, சிறு தீயில் மூன்று மணி நேரம் வேகவிடுங்கள். பெட்டை இறைச்சி அருமையாக இருக்கும். பெட்டையைச் சுடுவதுதான் மலைக்கும் உதவி, கூட்டம் பெருகாது.

கொம்பைப் பதப்படுத்துபவரிடம் விட்டால் பல மாதம் கழித்து அனுப்புவார். உங்கள் நாட்டுச் சட்டம் அதை உள்ளே விடுமா என்று சுடுவதற்கு முன்னால் விசாரியுங்கள்.

கேள்வி: விடுமுறைக்குப் போய் ஒரு உயிரைக் கொல்ல எப்படி மனம் வருகிறது? பத்திரிகையில் இதற்கு இடம் கொடுப்பது சரியா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. என் பதில் இந்த நாட்டுக்கு மட்டும் பொருந்தும்.

மனிதர் வருவதற்கு முன் இங்கே தரையில் பாலூட்டி என்று சொன்னால் வௌவால்கள் மட்டும்தான். மான், ஆடு எதுவும் கிடையாது. இங்குள்ள செடிகள் மேயும் வாய்க்குப் பழகாமலே வளர்ந்தவை. குடியேறிய வெள்ளையர் வேட்டை விளையாட்டுக்காக விலங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 1904-ல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் பிரபு அனுப்பிய சில வரையாடுகளை மவுண்ட் குக் பக்கம் விட்டார்கள். 1907-ல் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி ஷாமி என்ற மலை ஆட்டை அனுப்பினார். இங்கே அவற்றைத் தின்னச் சிறுத்தையும் இல்லை, ஓநாயும் இல்லை. பெருகின. மவுண்ட் குக் லில்லி என்ற பெரிய வெள்ளைப் பூவையும் மலைப்புல்லையும் வேரோடு காலி செய்தன. எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டக் கூடாது என்று 1993-ல் அரசு திட்டம் போட்டது. அதற்காக இன்றைக்கும் ஹெலிகாப்டரிலிருந்து சுடுகிறார்கள். சுட்டதில் பெரும்பகுதி மலையிலேயே கிடக்கும். ஒருவர் நடந்துபோய், ஒன்றை எடுத்து, அதைச் சாப்பிடுவதை அதைவிடக் கெட்ட காரியமாக என்னால் நினைக்க முடியவில்லை.

உங்களுக்கு அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் அதில் தவறு ஒன்றும் இல்லை. மலைக்கும் ஆட்டுக்கும் முன்னால் நிற்கும்போது சிலர் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுவார்கள். அப்படி ஒருவரைக் கூட்டிப்போனவன் நான். அன்றைக்கு இருவரும் இருட்டும் வரை அந்தக் கிடாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கேள்வி: மகளுக்கு 11 வயது. வேட்டை நாள்களில் அவளும் நானும் என்ன செய்வது?

டெக்காப்போ ஏரிக்கரை நடை, பிறகு இரவு வானம். அந்த வட்டாரமே இருள்வானக் காப்பிடம், நட்சத்திரம் தெரிய விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி வைத்த இடம். நிலா இல்லாத இரவாக இருந்தால் அவள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டாள். மவுண்ட் குக் கிராமத்திலிருந்து ஹூக்கர் பள்ளத்தாக்கு நடையும் அவள் வயதுக்குச் சரி.

கேள்வி: ரோட்டில் எதற்குக் கவனமாக இருக்க வேண்டும்? காரா, கேம்பர்வேனா?

மே மாதத்துக்குக் கார். கேம்பர்வேனில் குளிரும், ஈரத் துணியும் பூட்ஸும் காயாது. மலையிலிருந்து நனைந்து வருபவருக்குச் சூடான அறைதான் வேண்டும்.

இடப்பக்கம் ஓட்டும் நாடு. திறந்த சாலையில் உச்ச வேகம் 100. ஆனால் லிண்டிஸ் கணவாய் வளைவுகளிலும் ஹாஸ்ட் கணவாய் இறக்கத்திலும் அந்த வேகம் வராது. வரைபடம் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையில் ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய. வட்டப் பலகையில் உங்கள் பக்கத்துக்குச் சின்னச் சிவப்பு அம்பு இருந்தால் நின்று எதிர்வண்டிக்கு வழிவிடுங்கள். பெட்ரோலை வனாக்காவில் நிரப்புங்கள். ஹாஸ்ட் தாண்டி ஃபாக்ஸ் வரை சுமார் 120 கிலோமீட்டர், நடுவில் நம்பிப் போகிற மாதிரி எதுவும் இல்லை. போன் சிக்னலும் பல இடத்தில் கிடையாது. மலைக்குள் போகிறவர் ஆபத்தில் மீட்புக் குழுவுக்குச் சமிக்ஞை அனுப்பும் அவசரக் கருவி ஒன்றை, பி.எல்.பி. என்பார்கள், வாடகைக்கு எடுத்து உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்தர்ஸ் பாஸில் கியா கிளிகள் காருக்கு வரும். கண்ணாடி ஓர ரப்பரைப் பிய்த்தெடுக்கும். அழகாக இருக்கிறதே என்று தீனி போடாதீர்கள். அதன் உடம்புக்கு ஆகாது. பனிக்காலத்தில் சக்கரச் சங்கிலி கேட்டு வாங்கி, போடவும் பழகுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் மண்சாலைக்குக் காப்பீடு உண்டா என்று பாருங்கள். வேட்டைப் பள்ளத்தாக்குகளுக்குப் போவதெல்லாம் மண்சாலைதான். இல்லை என்றால் கைடின் வண்டியில் ஏறுங்கள்.

கடைசியாக பூட்ஸ். ஏற்கெனவே மலையேறிய பூட்ஸாக இருந்தால் புறப்படும் முன் அடித்தோலின் பள்ளங்களைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ஒரு விதையும் ஒரு துளி மண்ணும் இருக்கக் கூடாது. பயண அறிவிப்புப் படிவத்தில் பூட்ஸ், கூடாரம், உணவுப் பொட்டலம் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதினால் அதிகாரி பார்த்து, தேவைப்பட்டால் கழுவித் தருவார். எழுதாமல் மாட்டினால் 400 டாலர் அபராதம் அங்கேயே. என் தங்கை முதல் தடவை வந்தபோது பையின் ஓரத்தில் மறந்துபோன ஒரு ஆப்பிளுக்கு அதைக் கட்டினாள்.