புறநகரில் குடும்பத்துக்கு வீடு பார்க்கிறோம், முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

தெருவை. அதிலும், அந்தத் தெருவில் எவ்வளவு வண்டி போகிறது என்பதை.

வீட்டுக்குள் பிடிக்காததைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சுவரை இடிக்கலாம், சன்னல் வைக்கலாம், அறை கூட்டலாம். வாசலுக்கு வெளியே இருப்பது நம் கையில் இல்லை. ஆனால் வீடு பார்க்க வருகிறவர்கள் சமையலறையில் நிற்கும் நேரத்தில் பாதிகூடத் தெருவில் நிற்பதில்லை. இது எனக்குப் பெரிய ஆதங்கம்.

டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்பு அறிஞர் சான் பிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஆராய்ந்தார். ஒன்றில் நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்கள் இருந்தார்கள். நெரிசல் தெருவில் 0.9 தான். எதுவரை உங்கள் இடமாக நினைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் காட்டினார்கள். நெரிசல் தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இதை நான் வாழ்ந்தே பார்த்திருக்கிறேன். முன்பு இருந்த வீடு பெரியது, ஆனால் பெரிய சாலையை ஒட்டியது. பக்கத்து வீட்டாரைக் கேட் திறக்கும்போது பார்ப்பதோடு சரி. இப்போது இருப்பது சிறிய வீடு, முட்டுச்சந்தில். பிள்ளைகள் சைக்கிளோடு வெளியே போனால், அவர்கள் பின்னால் பெரியவர்கள் வருகிறோம், பேச்சு தானாகத் தொடங்கிவிடுகிறது. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது எங்களுக்குத் தெரிகிறது. வயதான பெற்றோர் பகலில் தனியாக இருக்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய தைரியம்!

வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் செய்து 1950இல் வெளியிட்ட ஆய்வில், பொது முற்றத்தைப் பார்த்த வீட்டுக்காரர்களுக்குக் கிடைத்த நட்பில் பாதிகூட, சாலையைப் பார்த்து வாசல் வைத்த வீட்டுக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை.

அதற்காக முட்டுச்சந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். பின்பக்கம் தெரிகிற பள்ளிக்கூடத்துக்கு ஊரைச் சுற்றிக் காரில் போக வேண்டிய அமைப்புகள் நிறைய உண்டு. கார் ஓட்டாத பிள்ளைகளும் முதியவர்களும் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 1929இல் உருவான ராட்பர்ன் குடியிருப்பில் முட்டுச்சந்துகளை அமைத்தவர்கள், அவற்றின் பின்னால் பூங்கா வழியாகத் தனி நடைபாதைகளையும் போட்டார்கள். பிற்பாடு அதைப் பார்த்துக் கட்டிய பலர் முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டார்கள். ஆகவே நடந்து போக வழி இருக்கிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள். பள்ளி, பேருந்து நிறுத்தம், பூங்கா, இந்த மூன்றுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்க்காதீர்கள். அன்றைக்கு எல்லாத் தெருவும் அமைதியாகத்தான் இருக்கும். வேலை நாளில் காலை நெரிசல் நேரத்தில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை போங்கள். அப்புறம், தெருவில் நடக்கும் யாரையாவது நிறுத்தி, மழைக்குத் தண்ணீர் எங்கே தேங்கும் என்று கேளுங்கள். விற்கிறவரிடம் கேட்காதீர்கள்.