'சமரசம்' என்றால் விட்டுக்கொடுப்பதா, சமத்துவமா?

வடலூர்ச் சங்கத்தின் பெயரிலும் நீதிமன்றச் சமரச மையத்தின் பலகையிலும் ஒரே சொல் இருக்கிறதே, பொருளும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடமும் யாரோ 'சமரசமாகப் போ' என்று சொல்லியிருப்பார்கள் என நினைக்கிறேன்.

வடமொழியில் 'சம' என்றால் ஒத்த, 'ரசம்' என்றால் சாறு, சுவை. ஒரே சுவையாக இருப்பதுதான் சமரசம். தாயுமானவர் 'வேதாந்த சித்தாந்த சமரச நன்னிலை' என்று பாடினார். வடலூர் வள்ளலார் 1865இல் தொடங்கிய 'சமரச வேத சன்மார்க்க சங்கம்' என்ற பெயரில் முதல் சொல்லே இதுதான். வடசொல் எதற்கு என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் பண்டிதன் அல்லன். ஆனால் சாதி வேண்டாம் என்றவர் எடுத்து ஆண்ட சொல்லை அவர் கொண்ட பொருளிலேயே படிக்க வேண்டும்.

எங்கள் ஊர் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கம். நான் எட்டாம் வகுப்பு படித்தபோது அப்பா வேலை பார்த்த வீட்டில் கல்யாணம். எங்களைக் கொல்லைப்புறத்தில், கடைசிப் பந்தியில் உட்காரவைத்தார்கள். சாம்பார் தீர்ந்துவிட்டது. ரசத்தில் வெந்நீர் ஊற்றிக் கலக்கியதை நானே பார்த்தேன். சித்தப்பா இலையை மூடிவிட்டு எழுந்து, ஏன் என்று கேட்டார். கைகலப்பு ஆனது, அடி வாங்கியவர் சித்தப்பா. இரண்டு நாள் கழித்து ஊர்ப் பெரியவர்கள் கூடிச் 'சமரசம்' செய்துவைத்தார்கள். மன்னிப்புக் கேட்டவரும் சித்தப்பாதான். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு எரியும்.

அடுத்த தைப்பூசத்துக்கு அம்மா எங்களை வடலூருக்கு அழைத்துப்போனார். வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. என் பக்கத்தில் சலவை வேட்டி கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் எனக்கும் ஒரே வாளியிலிருந்துதான் பரிமாறினார்கள். "எல்லாருக்கும் ஒரே ருசிடா" என்றார் அம்மா.

கல்லூரியில் இந்தச் சொல்லின் பிறப்பைப் படித்தபோது அந்த வாளிதான் கண்ணில் நின்றது. சொல்லின் மேல் இருந்த கோபம் அன்றே போய்விட்டது. நீதிமன்ற மையங்களையும் நான் குறை சொல்லவில்லை. அங்கே இரு தரப்பும் சம்மதித்தால்தான் முடிவு. ஒருவனை மட்டும் அடங்கிப்போகச் சொல்லிவிட்டு அதற்குச் சமரசம் என்று பெயர் வைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சித்தப்பாவுக்கு இப்போது 71 வயது. அந்தக் கல்யாண வீட்டுத் தெருவில் எந்த வீட்டிலும் அவர் இன்றுவரை கை நனைத்ததில்லை.