தலையில் அடிபட்டுச் சில வாரம் கழித்து மூக்கில் ரத்தம் கொட்டினால் என்ன காரணம்?

தம்பிக்குப் போன மாதம் பைக் விபத்தில் தலையில் அடி, இப்போது இரண்டு முறை மூக்கில் ரத்தம் கொட்டி நின்றது, சூடுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். சூடு என்று விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

பொதுவாகச் சில்லுமூக்கு உடைவது பயப்படுகிற விஷயமில்லை. பெரும்பாலும் மூக்கின் நடுச்சுவரில் முன்பக்கம் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்களில்தான் கசியும். குனிந்து உட்கார்ந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் பிடித்தால் நின்றுவிடும்.

உங்கள் தம்பி விஷயம் வேறு. என் சித்தப்பா மகனுக்கும் இப்படித்தான் நடந்தது. விபத்தில் மண்டையோட்டின் அடிப்பகுதியில் எலும்பு முறிவு, ஒரு கண்ணில் பார்வையும் போய்விட்டது. தேறி வீட்டுக்கு வந்த சில வாரத்தில் மூக்கில் ரத்தம். பக்கத்து கிளினிக்கில் பஞ்சு அடைத்து அனுப்பினார்கள். மறுபடி வந்தபோது குழாயைத் திறந்துவிட்டது போல் கொட்டியது. பழைய விபத்தைப் பற்றிக் கேட்ட காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் உடனே சிடி ஆஞ்சியோ (ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுக்கச் சொன்னார்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி, மூக்குக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீனாய்டு சைனஸ் என்ற காற்றறையின் பக்கச் சுவரை ஒட்டிப் போகிறது. நடுவில் இருக்கும் எலும்பு மிக மெல்லியது. சிலருக்கு அங்கங்கே எலும்பே இருக்காது. முறிவில் தமனிச் சுவர் கிழிந்தால், கசிந்த ரத்தம் ஒரு பை போலத் தேங்கும். போலி அனியூரிசம் என்கிறார்கள். அதற்கு உறுதியான சுவர் கிடையாது. நாள்பட வீங்கி சைனஸுக்குள் உடைகிறது. அதனால்தான் விபத்துக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் கழித்து வருகிறது. தலைக்காயம், ஒரு கண்ணில் பார்வை இழப்பு, மூக்கில் பெருத்த ரத்தம் என்ற மூன்றும் சேர்ந்து வருவதை மாரர் (Maurer) என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 1961-லேயே எழுதிவிட்டார்கள். எல்லோருக்கும் கண் பாதிக்கும் என்றில்லை.

என் சித்தப்பா மகனுக்குத் தொடை வழியாகக் குழாய் விட்டு, முதலில் பலூனால் அந்தத் தமனியைக் கொஞ்ச நேரம் அடைத்துப் பார்த்தார்கள். மறுபக்க ரத்தமே மூளைக்குப் போதும் என்று தெரிந்த பிறகு, காயில் (coil) என்ற மெல்லிய கம்பிச் சுருளை வைத்து நிரந்தரமாக மூடினார்கள். மறுபக்க ரத்தம் போதாதவர்களுக்குத் தமனியைத் திறந்தே வைத்து, உள்ளே ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைப்பதும் உண்டு.

சரி, இப்போது செய்ய வேண்டியது: ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விபத்தின்போது எடுத்த ஸ்கேன்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் விபத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள். பஞ்சு அடைத்திருந்தால் வீட்டில் யாரும் உருவ வேண்டாம். வழியில் ரத்தம் கொட்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.