வாசகர் கேள்வி: தீவுக் கிணறு ஏன் சவராகிறது?

கேள்வி: முன்பெல்லாம் ஆடி மாதத்தில்தான் எங்கள் கிணற்று நீர் சவர்க்கும், இவ்வருடம் சித்திரை முடியுமுன்னரே தேநீரில் உப்புக் கரிக்கிறது. அயலில் உள்ள விருந்தினர் விடுதியில் குழாய்க்கிணறு அடித்து மோட்டர் பூட்டியிருக்கிறார்கள். அதற்கும் இதற்கும் தொடர்புண்டா? எங்கள் கிணற்றை ஆழமாக்கலாமா?
– வாசகி, நெடுந்தீவு

பதில்: தயவுசெய்து ஆழமாக்காதீர்கள், அம்மா. உங்கள் தீவில் தோண்டத் தோண்ட உப்பைத்தான் நெருங்குவீர்கள். ஆறில்லாத நெடுந்தீவில், மாரி மழை முருகைக்கல்லின் (பவளப்பாறையின்) பொந்துகளினூடாக இறங்கி, கீழே ஊறி நிற்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதப்பதே நீங்கள் அள்ளும் நன்னீர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், அதன் பாரம் கீழே ஏறத்தாழ 40 அடி வரை உவரை அமுக்கி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. மேலே அந்த 1 அடி இறங்கினால் கீழே எவ்வளவு இழப்போம் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

துலாவால் இறைத்த காலத்தில் கிணறு மீண்டும் ஊற அவகாசம் இருந்தது. மோட்டரோ ஓயாமல் உறிஞ்சுவதால், அதன் நேர்கீழே உவர்நீர் கூம்பு போல மேலெழுகிறது. ஆகவே தொடர்பு இருக்கக்கூடும். ஆனால் சென்ற மாரி பொய்த்திருந்தாலும் இதே நிலை வரும் என்பதால், விடுதியார்மீது பழி சுமத்துமுன் அளந்து பாருங்கள். மோட்டர் ஓடாத அதிகாலையில் ஒரு போத்தலும், ஓடி முடிந்த மாலையில் ஒரு போத்தலுமாக இரு கிணறுகளிலும் எடுத்து, திகதியிட்டு, உப்பின் அளவைப் பரிசோதிப்பியுங்கள். அந்தக் குறிப்புடன் பிரதேச சபைக்குச் செல்லுங்கள். விடுதியின் மலக்குழி உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் அங்கே கேளுங்கள். முருகைக்கல் கழிவை வடிகட்டாது, அப்படியே கடத்திவிடும். எனக்கு உப்பைவிட இதுவே பெரிய அச்சம்.

விருந்தினரை வரவேற்பவர்கள் தங்கள் கூரையில் விழும் மழையைச் சேமிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. 100 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 10,000 லீற்றர் கிடைக்கும். உங்கள் தீவில் உரிமையாளரின்றித் திரியும் கட்டாக்காலிக் குதிரைகளைப் பார்க்கவே விருந்தினர் பலர் படகேறுகிறார்கள். கடும் வறட்சியில் அக்குதிரைகளே தாகத்தால் மடிந்த தீவு இது.

உங்கள் கிணற்றில் இப்போதைக்கு வாளியால் மட்டும், காலையும் மாலையும் சிறிது சிறிதாக, மேல்நீரை அள்ளுங்கள்.