‘புலியைப் பத்தடியில் காட்டுறோம்’ என்பவரிடம் பணம் கட்டலாமா?

கேள்வி: கொடுங்கையூரிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 23 வயது, துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. நண்பர்கள் ஆறு பேரோடு மசினகுடி போகிறான். பழைய வண்ணாரப்பேட்டையில் டூர் ஏற்பாடு செய்யும் ஒருவர், ‘நைட் சஃபாரி, திறந்த ஜீப், புலியோ சிறுத்தையோ பத்தடியில் காட்டுறோம், போட்டோ கேரண்டி’ என்று தலைக்கு 4,500 ரூபாய் பேசி, 2,000 அட்வான்ஸும் வாங்கிவிட்டார். கேட்டால், ‘ஜீப்புக்குள்ளதானேம்மா இருக்கப்போறோம், என்ன ஆயிடும்’ என்கிறான். எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மையிலேயே ஆபத்து உண்டா?

பதில்: அம்மா, மகன் மசினகுடிக்குப் போகட்டும். அந்த ராத்திரி ஜீப்பில் மட்டும் ஏறக் கூடாது. மசினகுடியை ஒட்டியிருக்கிற முதுமலைப் புலிகள் காப்பகத்தில் வனத்துறை இரவு சஃபாரி நடத்துவதில்லை. தனியார் யாருக்கும் அதற்கு அனுமதியும் இல்லை. அதை விற்கிறவர் ஒன்று ஊர் ரோட்டிலேயே நாலு சுற்றுச் சுற்றிக் காட்டிக் காசைப் பிடுங்குவார், இல்லையென்றால் காப்புக்காட்டுக்குள் திருட்டுத்தனமாகக் கூட்டிப் போவார். அனுமதியில்லாமல் புலிகள் காப்பகத்துக்குள் நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடிபடும் நேரத்தில் வண்டியில் உட்கார்ந்திருப்பது உங்கள் பிள்ளை. அட்வான்ஸ் வாங்கியவர் வண்ணாரப்பேட்டையில் இருப்பார்.

இனி உங்கள் மகனின் கேள்வி. புலி, மனிதனைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிப் போகிற பிராணி. வேட்டைத் தடுப்புக் காவலர்கள் கையில் ஒரு தடியோடு தினமும் அந்தக் காட்டில் நடக்கிறார்கள். அவர்கள் வருவது தூரத்திலேயே தெரிவதால், விலகிப் போக அதற்கு நேரம் கிடைக்கிறது. பத்தடியில் அந்த நேரம் இல்லை. பத்தடி என்றால் உங்கள் தெருவில் வீட்டு வாசலுக்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் இருக்கிற இடைவெளி. வளர்ந்த ஆண் புலி 200 கிலோ இருக்கும். அது குட்டியோடு இருக்கிறதா, அடித்த இரையை மறைத்து வைத்திருக்கிறதா, காலில் முள் ஏறிய வலியில் கிடக்கிறதா என்பது ஜீப்பில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? திறந்த ஜீப்பில் கதவும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது.

இதில் ஸ்பாட் லைட் வேறு. பூனை இனத்தின் கண் இருட்டுக்கு ஏற்றது. பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது, அதனால்தான் வெளிச்சம் பட்டால் மின்னுகிறது. அந்தக் கண்ணுக்குள் பளீரென்று அடித்தால் கொஞ்ச நேரத்துக்கு அதற்குத் தப்பிக்கும் வழியே தெரியாது. வழி தெரியாமல் திகைத்து நிற்கிற மிருகத்தின் முன்னால் ஏழு பையன்கள் போனை நீட்டுகிறார்கள். நான் பயப்படுவது அந்தக் கணத்துக்குத்தான்.

வனவிலங்குகளுக்கு வைத்தியம் பார்த்தே என் உத்தியோகம் முடிந்தது. ஒருமுறை தேயிலைத் தோட்டம் ஒன்றில் கூண்டில் சிக்கிய சிறுத்தைக்கு மயக்க ஊசி போடப் போயிருந்தேன். சுற்றிலும் கூட்டம். கூண்டுக்கு மேல் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு தம்பி கம்பிக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோனார். கால் வெளியே வந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நாலு கோடு, பிளேடால் கிழித்த மாதிரி மெல்லிசாக. ஒரு நொடி ரத்தமே வரவில்லை, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அப்புறம்தான் கொட்டியது. ‘எனக்கு ஒண்ணுமில்ல சார்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கூண்டுக்குள் அடைபட்ட, வாலை மடக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருந்த விலங்கு அது.

கீறலோ கடியோ எதுவானாலும் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, பக்கத்து அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். காட்டு விலங்கின் காயம் என்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியும் தேவைப்படும். ‘ஊருக்கு வந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டிக்கலாம்’ என்று ராத்திரி பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள், கூடலூரிலோ ஊட்டியிலோ முதல் ஊசியைப் போட்டுவிட வேண்டும்.

அந்த ‘கேரண்டி’ என்ற சொல்லைப் பற்றி உங்கள் மகனிடம் உட்கார்ந்து பேசுங்கள். 2021-இல் கூடலூர், மசினகுடி பக்கம் நாலு பேர் உயிரிழப்புக்குக் காரணமான டி-23 புலியைத் தேடினார்கள். கும்கி யானைகள், டிரோன்கள், தானியங்கிக் கேமராக்கள், காட்டை உள்ளங்கை போல் அறிந்தவர்கள் எல்லாம் இருந்தும், அக்டோபர் 15-ஆம் தேதி அதைப் பிடிக்க 21 நாள் ஆனது. அப்படியிருக்க, வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்து ஒருவர் பத்தடிக்குக் கேரண்டி கொடுக்கிறார் என்றால் அது பொய்யாக இருக்க வேண்டும், அல்லது இரை போட்டு வரவழைக்கிற அயோக்கியத்தனமாக இருக்க வேண்டும். கோழிக் கழிவைக் காட்டோரத்தில் கொட்டிப் பழக்குகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப் பழகிய சிறுத்தை அடுத்த மாதம் யார் வீட்டுப் பின்கட்டில் போய் நிற்கும் என்று அந்தப் புரோக்கருக்குக் கவலையில்லை. அவர் காட்டுகிற வீடியோக்களையும் நம்பாதீர்கள். எந்த நாட்டிலோ எடுத்ததற்கு மசினகுடி என்று பெயர் ஒட்டியிருப்பார்கள்.

இவர்களை ஏன் யாரும் கேட்பதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்து நினைத்து அலுத்துவிட்டேன். மலையில் ஜீப்பைப் பிடிக்கிறார்கள், அபராத ரசீது போடுகிறார்கள், ஜீப் மறுபடி ஓடுகிறது. டிக்கெட் விற்ற இடம் சென்னை என்றால் ‘அது எங்க எல்லை இல்லீங்க’ என்று பதில். இங்கே புகார் கொடுத்தால் ‘சம்பவம் அங்கேதானே, அங்க போய்க் கொடுங்க’ என்கிறார்கள். ஒரு புகாரோடு நாலு மேசை ஏறி இறங்கியவன் நான். எச்சரிக்கைப் பலகை எல்லாம் மலையில் இருக்கிறது. பணம் கட்டுகிற பையன் சென்னை மூலக்கொத்தளத்தில் இருக்கிறான்.

ஒரு சூழ்நிலையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கூடலூரிலிருந்து முதுமலைக்குள் இருக்கிற தெப்பக்காடு வழியாகக் கர்நாடகத்துப் பந்திப்பூர் போகிற ரோடு பொது ரோடு, பகலில் யாரும் போகலாம். பந்திப்பூர் காட்டுக்குள் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை. பகலில் போகும்போது வண்டி பஞ்சரானால்? முதலில் இறங்காதீர்கள். இண்டிகேட்டர் இரண்டையும் போட்டுவிட்டு அடுத்த வண்டி வரும்வரை உள்ளேயே இருங்கள், பகலில் அதிக நேரம் ஆகாது. இன்னொரு வண்டி வந்து நின்ற பிறகு டயர் மாற்றுங்கள். மாற்றுகிறவர் குந்தி உட்கார வேண்டியிருக்கும். குந்தியிருக்கிற மனிதன் பூனை இனத்தின் கண்ணுக்கு நாலுகால் இரை மாதிரிதான் தெரிவான். நிமிர்ந்து நிற்கிறவனை அது அவ்வளவு சுலபத்தில் நெருங்காது. ஆகவே இரண்டு பேராவது அவருக்கு முதுகைக் காட்டி, காட்டைப் பார்த்து நிற்க வேண்டும். கதவுகள் திறந்தே இருக்கட்டும். பிள்ளைகள் இறங்கக் கூடாது. சிறுநீர் கழிக்கப் புதர்ப் பக்கம் ஒதுங்கவே கூடாது. இதை உங்கள் மகனிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். அப்படியும் புலியோ சிறுத்தையோ எதிரில் வந்துவிட்டால் ஓடக் கூடாது, குனியக் கூடாது, முதுகைத் திருப்பக் கூடாது. கையை உயர்த்தி, சத்தமாகப் பேசிக்கொண்டே, ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்து வண்டியில் ஏற வேண்டும். ஓடுகிற எதையும் துரத்துவது அதன் பிறவிக் குணம்.

நம் வடசென்னைப் பெரியவர்கள் ‘உயிர் காலேஜ்’ என்று சொன்ன மிருகக்காட்சிசாலை சென்ட்ரல் பக்கத்தில்தான் இருந்தது. 1985-இல் வண்டலூருக்குப் போனது. கம்பிக்குப் பின்னால் படுத்திருக்கிற புலியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அது எப்போதும் சோம்பேறியாகத் தெரியும். 2014-இல் டெல்லி மிருகக்காட்சிசாலையில் வெள்ளைப் புலி இருந்த பள்ளத்துக்குள் விழுந்த இளைஞர் சில நிமிடங்களில் உயிரிழந்தார். கூண்டில் பிறந்து, வேளாவேளைக்குக் கறி தின்று வளர்ந்த புலி அது.

அட்வான்ஸ் பணத்துக்கு வருவோம். அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: ஜீப் நம்பர் என்ன, வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நகல் எங்கே? நிச்சயம் அனுப்ப மாட்டார். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் ஜிபே ரசீதையும் அவர் அனுப்பிய ‘நைட் சஃபாரி’ மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மிச்சப் பணத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் கட்டாதீர்கள்.

பையன்கள் நீலகிரிக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போவதானால் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே முதல் அது கட்டாயம். தெப்பக்காட்டில் வனத்துறையே வேனில் சஃபாரி கூட்டிப் போகிறது, அதற்கு இடையில் யாருக்கும் கமிஷன் தர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமையில் கூட்டம் நெரியும். வார நாளில், காலை முதல் வண்டிக்குப் போகச் சொல்லுங்கள். புள்ளிமான், காட்டெருமை, அங்கேயே முகாம் யானைகள் எல்லாம் பார்க்கலாம். விடியற்காலைக் குளிர் கடுமையாக இருக்கும், ஸ்வெட்டர் கொடுத்தனுப்புங்கள்.