கண்ணீரை அழித்துப் பாருங்கள்

கேள்வி: கற்பனை மனிதர்களை வரைவது என் வழக்கம். சமீபத்தில், மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு மூதாட்டியை வரைந்தேன். வழியும் கண்ணீர், முகச் சுருக்கம், துடிக்கும் உதடு என்று எதையும் விடவில்லை. கீழே ‘காத்திருப்பு’ என்று தலைப்பும் எழுதினேன். பார்த்தவர்கள் எல்லோரும் “அருமையாக வரைந்திருக்கிறீர்கள்” என்கிறார்கள், ஆனால் ஒருவர் மனமும் கலங்கியதாகத் தெரியவில்லை. இல்லாத ஒருத்திக்காக யார்தான் வருந்துவார்கள்? இனி நிஜ மனிதர்களைத்தான் வரைய வேண்டுமா?

பதில்: வேண்டாம். மூதாட்டி கற்பனை என்பதால் வந்த சிக்கல் இல்லை இது.

1944இல் ஹைடர், சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சின்ன அசைபடம் காட்டினார்கள். அதில் இருந்தவை ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், திறந்து மூடும் ஒரு கட்டம். அவ்வளவுதான். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டபோது, முதல் குழுவில் இருந்த 34 பேரில் ஒரே ஒருவர்தான் அதை வெறும் வடிவங்களின் நகர்வாகச் சொன்னார். மற்றவர்களுக்குப் பெரிய முக்கோணம் முரடனாகத் தெரிந்தது, வட்டம் பயந்து ஓடியது. முக்கோணத்துக்கே இவ்வளவு என்றால், உங்கள் மூதாட்டிக்கு ஆள் கிடைக்காமலா போகும்?

சிக்கல் கண்ணீரில் இருக்கிறது. பார்ப்பவர் அழ வேண்டிய அழுகையையும் சேர்த்து நீங்களே அவளிடம் கொடுத்துவிட்டீர்கள். அவர் செய்ய வேலையே இல்லை. அதனால்தான் உங்கள் கைத்திறமையைப் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

எட்வர்ட் ஹாப்பர் 1927இல் வரைந்த ‘ஆட்டோமேட்’ ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். இரவில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து, கையில் இருக்கும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதிர் நாற்காலி காலி. முகத்தில் சோகம் என்று அடித்துச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒரு கையில் கையுறை இருக்கிறது, மற்றதில் இல்லை. இப்போதுதான் வந்தாளா, கிளம்பப் போகிறாளா, மற்ற கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் எதையாவது யோசிக்கிறாளா? கேட்க ஆரம்பித்தாலே அவள் நமக்குத் தெரிந்தவள் ஆகிவிடுகிறாள். ஹாப்பருக்கு மாடலாக இருந்தது அவர் மனைவி. படத்தில் இருப்பவளோ எங்கும் இல்லாதவள்.

அப்படியானால் துக்கத்தை நேராக வரையவே கூடாதா என்று கேட்பீர்கள். வரையலாம். கேத்தே கோல்விட்ஸ் 1903இல் செய்த, இறந்த குழந்தையுடன் இருக்கும் தாயின் அச்சோவியத்தைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். தன்னையும், ஏழு வயது மகன் பீட்டரையும் மாடலாக வைத்து அதை உருவாக்கினார். (அதே பீட்டர் 1914இல் போரில் இறந்துபோனான். அதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அந்தப் படத்தைச் சும்மா பார்க்க முடிவதில்லை.) அங்கேயும் தாயின் முகம் பாதிக்கு மேல் குழந்தையின் மார்பில் புதைந்திருக்கிறது. மடங்கிய முழங்காலும் இறுக்கிப் பிடித்த கைகளும்தான் துக்கத்தைச் சொல்கின்றன. மெய்ப்பாடு என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறதே, உணர்ச்சி மெய்யில் படுவது. முகமும் மெய்தான், ஆனால் மெய் முழுவதும் முகம் இல்லையே.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. கற்பனை மனிதர்களையே வரைகிற லினெட் யாடோம் போவாக்யே பெரும்பாலும் அவர்களுக்குச் செருப்போ ஷூவோ வரைவதில்லை. வரைந்தால் எந்தக் காலத்து ஆள் என்று தெரிந்துவிடுமாம். ஹாப்பரின் கையுறைக்கு நேர் எதிரான வழி இது. இரண்டும் பலிக்கிறது.

சரி, உங்கள் மூதாட்டிக்கு வருவோம். வரைவதற்கு முன் அவளைப் பற்றிப் படத்தில் வராத நாலு விஷயமாவது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாள்? மகன் உட்காரட்டும் என்று ஒரு நாற்காலியைத் துடைத்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துடைத்த துணி இன்னும் அவள் கையில் இருக்கட்டும், அவள் நின்றுகொண்டே இருக்கட்டும். கண்ணீரையும் உதட்டையும் அழித்துவிடுங்கள். சுருக்கங்களில் பாதி போதும், வயதைச் சொல்ல முதுகு இருக்கிறது. அப்புறம், கீழே எழுதிய அந்தத் தலைப்பு. அதையும் எடுத்துவிட்டு, படத்தை இதுவரை பார்க்காத ஒருவரிடம் காட்டுங்கள்.